சதுரத்துக்குப் பத்துக் குடம்

மக்காச்சோளத்தை அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நான்கு முளைக்குச்சிகள், ஒரு கயிறு, ஒரு நாடா, ஒரு தராசு. இவற்றைக் கையில் கொடுத்து ஒரு காலை நேரம் பழக்கினால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நான் முப்பத்தோரு வருடம் செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய குற்றக் குறிப்பாணையில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் இருக்கிறது. அது எனக்குப் பொருந்தவில்லை.

ஒரு சாகுபடியாளர் கொடுத்த கடிதத்தை உரிய காலத்தில் மேலிடத்துக்கு அனுப்பாமல் நான் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்கிறது உங்கள் தாள். அதற்கு அதிகம் போனால் ஒரு கண்டிப்பு, ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். எங்கள் கண்காணிப்பாளர் என் தோளைத் தட்டி, "பேசாம ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுடுங்க சார். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தானே" என்றார். நல்ல மனிதர். என் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் முப்பத்தோரு வருடத்தில் ஒரு தாளைக்கூட நான் தவறவிட்டதில்லை. இதையும் தவறவிடவில்லை. நடந்தது முழுவதும் கவனத்தோடுதான் நடந்தது. தட்டச்சு செய்யும் பெண்ணிடம் இதைக் கொடுக்க வேண்டாம் என்று நானே கைப்பட எழுதுகிறேன்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தலைமை அலுவலகத்துக்காரர். வயலில் இறங்கியிருக்க மாட்டீர்கள்.

மழை பொய்த்த வருடத்தில் அரசு வறட்சி மானியம் கொடுக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு வயலாகப் பார்த்து முடிவு செய்ய ஆள் கிடையாது. அதனால் ஊருக்கு இரண்டு வயலைக் குலுக்கலில் எடுப்பார்கள். அந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒரு சதுரம் கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, உதிர்த்து, எடை போடுவோம். இரண்டு சதுரங்களின் சராசரி ஒன்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் அந்த ஊர் வறட்சி ஊர்; எல்லா வீட்டுக்கும் மானியம் வரும். ஒன்பதைத் தொட்டுவிட்டால் ஒரு வீட்டுக்கும் வராது. முன்பு ஊருக்குப் பத்துச் சதுரம் கட்டிக்கொண்டிருந்தோம். ஆள் பற்றாக்குறை என்று இந்த வருடம்தான் இரண்டாகக் குறைத்தார்கள். அந்தச் சுற்றறிக்கை அலுவலகத்தோடு நின்றது. ஊராருக்குச் சொல்லும்படி உத்தரவு எதுவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொரு விதி. முளைக்குச்சியை அறுவடை அன்றுதான் அடிக்க வேண்டும். முன்கூட்டியே அடித்தால் சாகுபடியாளருக்கு இடம் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன செய்வார் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்: சதுரத்துக்குள் ஆட்டை விடுவார், இல்லை கதிரை உடைத்துவிடுவார். எடை குறைந்தால்தானே பணம் வரும். இருபது வருடங்களுக்கு முன்பு ஒருவர் சதுரத்துக்குள் கட்டிலைப் போட்டுப் படுத்தே பயிரை நசுக்கிவைத்திருந்தார். கேட்டால், காவலுக்குப் படுத்தேன் என்றார்.

என் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, அவருக்குப் பதினான்கு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ஒன்றரை ஏக்கரில் இறங்கினார். என்னைப் படிக்க வைத்தார். கல்லூரியில் சேர்ந்த அன்று வெறுங்காலோடு வந்து என்னை விட்டுவிட்டுப் போனார். இந்த வெறுங்கால் விஷயம் எனக்குத் தெரிந்ததைவிட ஊருக்கு நன்றாகத் தெரியும். ஐம்பத்தாறு வயதில் நான் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் யாராவது ஒருவர் அதை எடுத்து என் முன்னால் வைப்பார். முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணன் என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்து, "நீ நல்லா இருந்தா எனக்கு அது போதும் தம்பி" என்றார். அதற்கும் ஊரில் சாட்சிகள் உண்டு. என் வீட்டிலும் நிலைமை அதுதான். என் மனைவிக்குக் கோபம் வந்தால் கடைசியில் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: "நீங்கல்லாம் உங்க அண்ணன் கால் தூசிக்குப் பெறமாட்டீங்க."

நான் அவரை வெறுத்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். வெறுக்க அவர் ஒரு காரணமும் கொடுத்ததில்லை. என் பிரச்சினையே அதுதான்.

ஆறு வருடங்களுக்கு முன்பு விதை மானியத்துக்கு அவர் பெயரில் நானே விண்ணப்பம் நிரப்பினேன். ஒன்றரை ஏக்கரை இரண்டு என்று எழுதினேன். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவோம். கையெழுத்துப் போட வந்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். விரலை அந்த எண்ணில் வைத்து, "இது தப்பா இருக்கே தம்பி" என்றார். "பரவால்லண்ணா, எல்லாருக்கும் இப்படித்தான்" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தாளை அழகாக இரண்டாக மடித்து, மடிப்பிலேயே கிழித்தார். "என் தம்பி கை சுத்தமா இருக்கணும்னுதான் நான் மாடு மாதிரி உழைச்சேன்" என்றார். சன்னலுக்கு வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கண்காணிப்பாளர் எழுந்து வந்து அவருக்கு நாற்காலி போட்டார். ஒரு வாரம் வரை அலுவலகத்தில் அண்ணன் பேச்சுதான். அந்த ஒரு வாரம் நான் எந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்று மாலை என் வீட்டுக்கு ஒரு பை நிறையக் கதிர் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

இந்த வருடம் குலுக்கலில் அவர் வயல் விழுந்தது. நான் ஏதோ செய்து விழ வைத்தேன் என்று அந்த ஊர்ப் பால்காரர் உங்களிடம் மனு கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது அபாண்டம். உறை ஒட்டித்தான் வந்தது, கண்காணிப்பாளர்தான் பிரித்தார். உறவுக்காரர் வயலை அளக்கக் கூடாது என்ற விதியை நானே எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்க அண்ணன்தானே. அவர மாதிரி நேர்மையான ஆள நான் பாத்ததே இல்ல. நீங்களே போங்க" என்றார். அண்ணன் பெயரைச் சொன்னால் விதிகூட வழி விட்டுவிடும்.

கதிர் பிடித்துப் பட்டு நூல் தள்ளும் பருவத்தில், அறுவடைக்கு நாற்பது நாள் இருக்கும்போது, நான் போய் முளைக்குச்சிகளை அடித்தேன். விதிக்கு மாறாக என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மாத முடிவில் அலைச்சலைக் குறைக்க இப்படிச் செய்வது எங்கள் அலுவலகத்தில் உண்டு. ஆனால் நான் அலைச்சலைக் குறைக்க அடிக்கவில்லை.

வயல் பாவமாக இருந்தது. இலைகள் பகலிலேயே சுருண்டு கிடந்தன. அண்ணன் வரப்பில் நின்று, ஏதோ அவர் செய்த தப்பு போல, "மழை இல்ல தம்பி, என்ன பண்றது" என்றார். கிணற்றில் ஒரு நாளைக்குப் பதினைந்து குடம்தான் ஊறுகிறது, வீட்டுக்கே பார்த்துப் பார்த்து எடுக்கிறோம் என்றார். நான் கயிற்றைக் கட்டிவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னேன்.

"இந்த இடத்தத்தான் அளப்போம்ண்ணா. இந்தத் தடவ தலைமை அலுவலகத்திலேர்ந்து பெரிய அதிகாரி நேர்ல வராராம். என் அண்ணன் வயல்னு அவருக்கும் தெரியும்."

அவர் வயலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குத் தலைகுனிவு வராம நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். தண்ணீர் ஊற்று என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. வேறு எந்தச் சாகுபடியாளரிடமும் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் அன்று சாயங்காலமே ஆட்டை அவிழ்த்துவிட்டிருப்பார். என் அண்ணனுக்கு ஆட்டை விடுவது மோசடி. தண்ணீர் ஊற்றுவது மரியாதை. பத்துச் சதுரத்தில் நம்முடையது ஒன்றுதானே, நம் தம்பி மானத்தைக் காப்பாற்றிவிட்டால் ஊருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருப்பார். இந்த உலகத்தில் இப்படி ஒரு தப்பைச் செய்யக்கூடிய ஒரே மனிதர் அவர் என்பது எனக்குத் தெரியும். ஒருவரை ஐம்பது வருடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் இவ்வளவாவது தெரியாமல் போகுமா?

இடையில் இரண்டு முறை பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். இறங்கவில்லை. காலையில் அண்ணன் தோளில் ஒரு குடத்தோடு நடந்துகொண்டிருந்தார். பின்னால் அண்ணி இடுப்பில் ஒன்றோடு. கிணற்றிலிருந்து சதுரம் முந்நூறு அடி இருக்கும். பத்துக் குடம் சதுரத்துக்கு, ஐந்து குடம் வீட்டுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அண்ணி பின்னால் என்னிடம் சொன்னது இது. குளிப்பதை இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டார்களாம். அவருக்கு வயது அறுபத்தைந்து, அண்ணிக்கு அறுபது.

அறுவடை நாளில் நான் போனபோது, காய்ந்து வெளுத்த வயலுக்கு நடுவில் அந்த ஐந்து மீட்டர் மட்டும் பச்சையாக நின்றது. கண் இருப்பவன் யாருக்கும் தெரியும். கிணற்றிலிருந்து அது வரைக்கும் காலடி பட்டுப் பட்டு ஒரு ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "பெரிய அதிகாரி வரலயா?" என்று கேட்டார். "வேற வேல வந்துடுச்சாம்ண்ணா" என்றேன். அவருக்கு முகம் சற்று வாடியது. "சரி, நீயாவது பாத்தியே" என்றார்.

சாட்சிக் கையெழுத்துக்குப் பால்காரர் வந்திருந்தார். ஊரில் பால் எடுக்கிறவர். இந்த மாதிரி காரியத்துக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பார். "உங்க அண்ணன் கை பட்டா கல்லுலயும் விளையும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதின்மூன்று கிலோ. இன்னொரு சதுரம் டிராக்டர்காரர் வயலில், அதில் ஐந்தரை. சராசரி ஒன்பதே கால். கால் கிலோவில் ஊர் மானியத்தை இழந்தது என்று பத்திரிகையில் எழுதினார்கள். எடை சரியானது. வேண்டுமானால் தராசைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் பதினேழாவது கேள்வி: சதுரத்துக்கு மட்டும் தனிக் கவனிப்பு அளிக்கப்பட்டதா? ஆம் என்று எழுதினால் அந்தச் சதுரம் தள்ளுபடி. வேறு வயலில் மறுபடி அளக்க வேண்டும். நான் ஒரு நிமிடம் யோசித்தேன். மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன்.

பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டியபோது அந்த ஊரின் பெயருக்கு நேரே 'தகுதியில்லை' என்று இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அவர்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. பலர் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்தான். ஆனால் அண்ணனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்களும் அவர்கள்தானே. ஒரே ஒரு பருவத்துக்கு அவரை இறக்கி வைக்கட்டும், அவரும் சும்மா நடந்துபோகிற மனிதராக இருந்து பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஊர் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் இறக்கி வைத்தது. இரண்டே சதுரம்தான் அளந்தார்கள், ஒன்று அவருடையது என்று தெரிந்ததும் பேச்சு மாறிவிட்டது. தம்பிக்குப் பதவி உயர்வு வாங்கித் தரத்தான் தண்ணீர் ஊற்றி விளைச்சலைக் காட்டினார் என்றார்கள். டிராக்டர்காரர் உழ வர மறுத்தார். மாவு மில்லில் அவர் தலையைக் கண்டதும் மெஷின் ரிப்பேர். பால்காரர் அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் பால் எடுத்தார். கல்லிலும் விளைய வைத்த கை என்று சொன்ன அதே பால்காரர். மனிதர்களைப் பற்றி எனக்குப் பெரிய எண்ணம் எப்போதும் இருந்ததில்லை. அண்ணனுக்கு இருந்தது.

மூன்றாம் நாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். வரிசையில் நின்றுதான் வந்தார். இந்த முறை யாரும் நாற்காலி போடவில்லை. சன்னல் வழியாக ஒரு தாளை நீட்டினார்.

"ரெண்டு இடத்துலதான் அளந்தீங்களாமே?"

"ஆமாண்ணா. இந்த வருஷத்திலேர்ந்து."

"நீ சொல்லலயே தம்பி."

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவர் தலையை ஆட்டினார். அதை அப்படியே நம்பினாரா, நம்பியது போல இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. "பதினஞ்சு நாளைக்குள்ள எழுதிக் குடுத்தா மறுபடி அளப்பாங்கன்னு சொன்னாங்க. இத மேல அனுப்பிடு" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். சதுரத்துக்கு நாற்பது நாள் தண்ணீர் ஊற்றியது நான்தான், தப்பு என்னுடையது, எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஊருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'அளக்க வந்த என் தம்பிக்கு இது எதுவும் தெரியாது.'

உங்களுக்கு இது புரிகிறதா என்று தெரியவில்லை. பச்சையாக நின்ற சதுரத்தை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். தெரியாது என்று அவர் எழுதியது பொய். விண்ணப்பத்தில் அரை ஏக்கர் கூடியதற்குத் தாளைக் கிழித்த மனிதர், வாழ்க்கையில் முதல் பொய்யை எனக்காக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அனுப்பினால் எனக்கு ஒரு கீறலும் விழாது. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் பணம் வரும். ஊர் மறுபடி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும், இந்த முறை இன்னும் உயரத்தில். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெறுங்கால் கதையோடு சேர்த்து இந்தக் கதையையும் எடுத்து வைப்பார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அனுப்பியிருப்பேன்.

கடிதத்தை மழைப் பதிவேட்டுக்குள் வைத்தேன். மழை பெய்த நாளில் அதன் அளவை எழுதும் பெரிய புத்தகம் அது. மழையே இல்லாத வருடத்தில் அதை யார் திறக்கப்போகிறார்கள்? இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். பதினைந்தாம் நாள் மாலை அலுவலகம் மூடும்வரை, பதிவேடு இருந்த அலமாரிக்கு நேர் எதிரே, என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாலரை மணிக்குக் கண்காணிப்பாளர், "அந்த ஊர்லேர்ந்து மேல்முறையீடு ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். "ஒண்ணும் வரல சார்" என்றேன். ஐந்து மணிக்குக் கெடு முடிந்தது. அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது என்பது நினைவிருக்கிறது.

அதன் பிறகு ஊரில் நடந்தது உங்களுக்கு அறிக்கையாக வந்திருக்கும். நாற்பது வீடுகளுக்கு மேல் பூட்டிக்கொண்டு வேலை தேடிப் போனார்கள். மாடுகளை வந்த விலைக்கு விற்றார்கள். டிராக்டர்காரரின் டிராக்டரைக் கடன் கொடுத்தவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். இவற்றை நான் மறுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அண்ணி போன் செய்தார். கிணறு தூர்ந்துவிட்டது, குடிக்கக்கூட ஊறவில்லை என்றார். "ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் உள்ள இறங்கிச் சேறு வாரப் போறாராம். கயிறு பிடிக்க ஊர்ல ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க தம்பி. நீங்க வந்தீங்கன்னா…" நான் வருகிறேன் என்றேன். "காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன் அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே பஸ் நிலையத்துக்குப் போனேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், போனேன். பழைய சட்டை ஒன்றைப் பையில் எடுத்து வைத்திருந்தேன். ஏழு மணிக்குப் பஸ் வந்தது. கூட்டம்கூட இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர், "வரலயா சார்?" என்று கேட்டார். அடுத்ததில் வருகிறேன் என்றேன். எட்டரைக்கு அடுத்ததும் வந்தது. ஒரு டீ குடித்தேன். அங்கே போனால் கயிற்றின் அந்த முனையில் அவர், இந்த முனையில் நான். மேலே வந்ததும் சேற்றுக் கையோடு என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதை நினைத்தபோது எழுந்திருக்கத் தோன்றவில்லை. பத்து மணிக்கு வீட்டுக்குத் திரும்பினேன். போன் அடித்தது; எடுக்கவில்லை.

பதினோரு மணிக்கு மேல் அவர் இறங்கியிருக்கிறார். அண்ணி ஒருவராகக் கயிறு பிடித்தார். பக்கச் சுவர் சரிந்தது. அண்ணி போட்ட சத்தத்தில் ஊரே ஓடி வந்தது. முதலில் உள்ளே குதித்தது பால்காரர். இரண்டு மணி நேரம் தோண்டி எடுத்தார்கள். எடுத்த பிறகு, இரண்டு மாதமாக அவர் முகத்தைப் பார்க்காதவர்கள் எல்லோரும் அந்த முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டும் அழுதார்கள். அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும் என்று அன்றைக்கும் ஒருவர் சொன்னார்.

பத்து நாள் கழித்து மழை பெய்தது. தட்டச்சு செய்யும் பெண் மழை அளவை எழுதப் பதிவேட்டைத் திறந்தாள். கடிதம் உங்களுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணியைப் பார்க்கப் போனேன். இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருந்தார், கயிறு உரித்துவிட்டிருந்தது. என்னை உட்காரச் சொன்னார். கடிதம் கிடைத்த விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். "அது வேலை நெருக்கடியில…" என்று நான் ஆரம்பித்தேன்.

"அவருக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார் அண்ணி.

குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அண்ணன் நேரே தலைமை அலுவலகத்துக்கே போய் விசாரித்திருக்கிறார். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கெடு முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. அங்கேயே இன்னொரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்திருக்கலாம்.

"திரும்பி வந்து ரெண்டு நாள் சாப்பிடல. இன்னொண்ணு எழுதிக் குடுங்கன்னு நான்தான் அடிச்சுக்கிட்டேன். 'குடுத்தா, மொதல் கடிதம் எங்கன்னு கேப்பாங்க. தம்பி வேலைக்கு வினையாயிடும். விட்டுடு'ன்னார். ஊர்ல அத்தன பேரும் ஏசினப்பகூட வாயத் திறக்கல." அண்ணி கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கும் பதினோரு மணி வரைக்கும் கிணத்து மேட்டுலயே உக்காந்திருந்தார். 'வரேன்னு சொல்லியிருக்கான், வருவான்'னு சொல்லிக்கிட்டே இருந்தார். நீங்க ஏன் தம்பி வரல?"

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். குச்சியை வேண்டுமென்றே முன்னால் அடித்தேன். அவர் தண்ணீர் ஊற்றுவார் என்று தெரிந்தே பேசினேன். படிவத்தில் தெரிந்தே பொய் எழுதினேன். கடிதத்தைத் தெரிந்தே மறைத்தேன். கயிறு பிடிக்க ஆள் இல்லை என்று தெரிந்தே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இவை எல்லாம் என்னுடையவை. இவற்றுக்கு எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கடைசி மூன்று நாட்களை என் தலையில் கட்டக் கூடாது. அந்த மூன்று நாளும் அவர் கையில் இருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டை விட, தன் மானத்தை விட, அண்ணியின் வயிற்றை விட நான் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டேன். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் யார் கேட்டார்கள்? நான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பும் பஸ் எங்கள் அலுவலக வாசலில்தான் நிற்கும். அவர் இறங்கி உள்ளே வந்து, எல்லோர் முன்னாலும் என் சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டிருக்கலாம். ஒரே ஒரு அறை. அன்றைக்கே அந்தக் கடிதத்தை எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அவர் இறங்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?